உரமானியம் யாருக்குப் போகிறது? மட்டக்களப்பு வயல்களின் பதிவேட்டு வரலாறு

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். 2024/25 பெரும்போகத்தில் நெல் செய்கைக்கான உரமானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. ஒருவருக்கு ஆகக் கூடியது 2 ஹெக்டேயர். எங்கட பேச்சில் சொன்னால் 5 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஏக்கருக்கு 10,000 ரூபா சொச்சம், ஆளுக்குக் கூடினது 50,000 ரூபா. காசு நேரே வங்கிக் கணக்குக்கு வரும்.

யாருடைய வங்கிக் கணக்குக்கு?

படுவான்கரையில் ஒரு 5 ஏக்கர் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். காணி எழுவான்கரையில் இருக்கிற ஒருவருக்குச் சொந்தம். அவர் ஆசிரியராக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், வயதுபோன அம்மாவாகவும் இருக்கலாம். அதைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளாமை செய்யிறவர் வேறொருவர். அவருக்குக் கீழே மருந்தடிக்க, பசளை எறிய, வரம்பு கட்ட நாட்கூலிக்குப் போறவங்க இன்னும் நாலைந்து பேர். இந்த மூன்று தரப்பில் பசளைக்குக் காசு கட்டுவது நடுவில் இருக்கிறவர். ஆனால் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் இருக்கிற பெயர் பெரும்பாலும் முதலாமவருடையது. மானியம் பெயரைத் தேடித்தான் போகும். வயலில் யார் நிற்கிறார் என்று அதற்குக் கண் தெரியாது.

குத்தகைக்குச் செய்யிற குடும்பங்களில் பிறந்த எங்களில் கனபேருக்கு இது தெரிந்த கதை. "அது அப்படித்தான் மகன், காணி அவருடையதுதானே" என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் அது ஏன் அப்படி? அந்தப் பதிவேட்டை யார், எப்போது, எதற்காக எழுதத் தொடங்கினார்கள்? இதைத் தேடினால் ஏறக்குறைய 150 வருடத்துக் கதை ஒன்று வருகிறது.

போடியாரும் முல்லைக்காரரும்

வாவி எங்கட மாவட்டத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டுகிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. கடலோரம், ஊர்கள், பள்ளிக்கூடங்கள், சந்தைகள். சூரியன் படும் பக்கம் படுவான்கரை. குளங்கள், வயல்கள், மேய்ச்சல் தரைகள். கன வயலின் சொந்தக்காரர் ஒரு கரையிலும் வயல் மறுகரையிலும் இருப்பது நேற்று வந்த வழக்கமில்லை.

அந்தச் சொந்தக்காரர்தான் போடியார். இன்றும் பழைய உறுதிகளிலும் கோயில் கல்வெட்டுகளிலும் 'போடி' என்று முடிகிற பெயர்கள் நிறைய வரும். போடியார் வயலில் இறங்குவதில்லை. அவருக்காக வயலைப் பொறுப்பெடுத்து நடத்துபவர் முல்லைக்காரர். விதைநெல், சாப்பாட்டு நெல், கைச்செலவுக்குக் காசு எல்லாவற்றையும் போடியார் முற்பணமாகக் கொடுப்பார். சூடு மிதித்து நெல் களத்தில் குவியும்போது கொடுத்ததெல்லாம் வட்டியோடு திரும்பிப் போகும். மிஞ்சினதுதான் முல்லைக்காரருக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும். விளைச்சல் பிழைத்தால் கடன் அடுத்த போகத்துக்கு ஏறும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேணும். முல்லைக்காரருக்கும் போடியாருக்கும் இடையில் எழுத்தில் ஒன்றும் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. பரம்பரை பரம்பரையாக ஒரே வட்டையில் வேலை செய்த குடும்பத்துக்குக்கூட அந்த வயலில் தங்கள் பெயர் எழுதின ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. பின்னால் வந்த ஒவ்வொரு அரசாங்கத் திட்டமும் முட்டுப்பட்டது இந்த இடத்தில்தான்.

வரிக்காக எழுதின பெயர்கள்

அரசாங்கம் வயலைப் பெயரோடு சேர்த்து எழுதத் தொடங்கியது கொடுப்பதற்காக இல்லை, வாங்குவதற்காக. பிரித்தானியர் காலத்தில் நெல்லுக்கு வரி இருந்தது. பொதுவாக விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. வரி அறவிடும் உரிமையை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர்கள் களத்துக்கு வந்து நெல்லை அளந்து எடுத்துப் போனார்கள். 1878இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு வயலையும் மதிப்பிட்டு, சொந்தக்காரரின் பெயரை எழுதி, விளைந்தாலும் விளையாவிட்டாலும் வருடாவருடம் காசாகக் கட்டும் முறை விரிந்தது. கட்டாதவர்களின் வயல்கள் விற்கப்பட்டன. நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் இப்படிக் காணி இழந்தவர்களின் நிலையை, அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் என்பவரே வெளிக்கொண்டு வந்தார். அது பெரிய சர்ச்சையாகி, கடைசியில் 1893 தொடக்கத்தோடு நெல்வரி ஒழிந்தது.

வரி எடுத்த அதே அரசாங்கம் தண்ணீரும் கொடுத்தது. 1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்த ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரைக்கும் அவையும் மட்டக்களப்பு மாவட்டம்தான். குளத்துத் தண்ணீர், வாய்க்கால், வேலி, விதைப்புத் திகதி பற்றிய வழக்கங்களுக்கு அந்தச் சட்டம் உயிர் கொடுத்தது. எங்கட பக்கத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் வட்டவிதானை. எந்த வயலில் இந்தப் போகம் யார் விதைத்தார் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆள் அவர்தான். கந்தோரில் இருந்த கடதாசிக்குச் சொந்தக்காரர் பெயர் மட்டும் போதுமாக இருந்தது, ஏனென்றால் வரி கேட்கச் சொந்தக்காரர் போதும்.

ஆக, வயலுக்கு இரண்டு அறிவு இருந்தது. ஒன்று எழுத்தில்: யாருடைய காணி. மற்றது வட்டவிதானையின் தலைக்குள்: யாருடைய வெள்ளாமை. பின்னால் அரசாங்கம் கொடுக்கத் தொடங்கினபோது எழுத்தில் இருந்ததைத்தான் கையில் எடுத்தது.

விலைக்கு உத்தரவாதம், விற்க நெல் உள்ளவருக்கு

இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோக, இலங்கை உள்ளூர் நெல்லைத் தேடி வாங்க வேண்டி வந்தது. போருக்குப் பிறகு, 1948இலிருந்து உத்தரவாத விலைத் திட்டம். 1952இல் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா என்று வைத்தார்கள். 1960களின் நடுப்பகுதி தாண்டும் வரை அந்த விலைதான் நின்றது. கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கின. 1971இல் நெல் சந்தைப்படுத்தல் சபை வந்தது.

நல்ல திட்டம்தான். ஆனால் உத்தரவாத விலையால் பலன் அடைய விற்பதற்கு நெல் இருக்க வேணும். களத்திலேயே கடனுக்கு நெல்லை அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கொண்டுபோற முல்லைக்காரர் சங்கத்துக்கு என்னத்தைக் கொண்டுபோறது? அவருடைய வேர்வையில் விளைந்த நெல்லுக்குத்தான் 12 ரூபா கிடைத்தது. அதை வாங்கினவர் வேறு.

1958: உழுதவர் பெயரைக் கேட்ட சட்டம்

இதை உடைக்கப் பார்த்த ஒரே ஒரு பெரிய முயற்சி 1958இன் நெற்காணிச் சட்டம். பண்டாரநாயக்க அரசாங்கத்தில் விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன கொண்டு வந்தது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம், ஆனால் எங்கட வயல்களுக்கு அது பெரிய திருப்பம்.

அந்தச் சட்டம் மூன்று வேலை செய்ய நினைத்தது. ஒன்று, வாரத்துக்குச் செய்யிறவரை நினைத்தபடி எழுப்ப முடியாது. அவருடைய உரிமை நிரந்தரமானது, பிள்ளைக்கும் போகும். இரண்டு, காணிக்காரர் வாங்கக்கூடிய வாரத்துக்கு ஒரு மேல் எல்லை, கால்பங்கு அளவில். மூன்று, ஊருக்கு ஊர் பயிர்ச்செய்கைக் குழு. அந்தக் குழு வயலுக்கு வயல் பதிவு வைக்கும். அரசாங்கம் முதல் தடவையாக "இது யாருடைய காணி" என்பதோடு "இதை யார் செய்யிறார்" என்றும் எழுத்தில் கேட்டது.

காணிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பெயர் பதிந்தால் ஆளை எழுப்ப ஏலாது என்று தெரிந்தவுடன், பதிய முதலே எழுப்பத் தொடங்கினார்கள். நாடு முழுக்க வெளியேற்ற முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1959இல் அமைச்சரவைக்குள் நடந்த இழுபறியில் பிலிப் குணவர்தன பதவியை விட்டுப் போனார். அவர் போன பிறகு சட்டத்துக்குப் பின்னால் தள்ளுகிற கை பலவீனமானது.

போடியார் முறை இருந்த இடத்தில் இந்தச் சட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. முல்லைக்காரர் வாரக் குடியானவரா, கூலிக்காரரா? வாரக் குடியானவர் என்றால் உரிமை உண்டு. கூலிக்காரர் என்றால் ஒன்றுமில்லை. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத உறவு எந்தப் பக்கம் விழும் என்பதைப் பேச்சில் வல்லவரே தீர்மானிக்கிறார். அதோடு, முற்பணம் தருகிற ஆளுக்கு எதிராகக் குழுவுக்கு முன்னால் போய் "நான்தான் செய்யிறன்" என்று சொன்னால் அடுத்த போகத்துக்கு விதைநெல் யார் தருவார்?

பிறகு 1973, 1979, 2000 என்று சட்டங்கள் மாறின. குழுக்கள் போய்க் கமநல சேவை நிலையங்கள் வந்தன, கமக்காரர் அமைப்புகள் வந்தன. இன்று நடைமுறையில் இருப்பது 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம். அதிலும் வாரக் குடியானவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 1958இல் தொடங்கிய பயம் இன்னும் போகவில்லை. காணிக்காரர் இன்றும் குத்தகையை எழுத்தில் வைக்கத் தயங்குகிறார், ஏனென்றால் எழுதினால் காணி போய்விடும் என்ற எண்ணம். எளியவரைக் காக்க வந்த சட்டமே அவரைப் பதிவேட்டுக்கு வெளியே நிற்க வைக்கிற ஒரு காரணமாகவும் ஆகிவிட்டது. வரலாற்றில் இப்படியும் நடக்கும்.

1962: மூடை வருகிறது

உரமானியம் தொடங்கியது 1962இல். பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய எச்-4 போன்ற நெல்லினங்கள் அப்போதுதான் பரவின. பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்கள் கூடப் பசளை கேட்காதவை. புதிய இனங்கள் பசளை போட்டால்தான் கைகொடுக்கும். ஆக, விதையை மாற்றச் சொன்ன அரசாங்கம் பசளையின் விலையில் ஒரு பங்கை ஏற்க வேண்டி வந்தது. 1964இல் உரக் கூட்டுத்தாபனம். 1970களில் இன்னும் கூட விளைகிற பீஜீ இனங்கள்.

இன்று "விவசாயிக்குச் சலுகை" என்று இதைச் சிலர் இரக்கத்தோடும் சிலர் எரிச்சலோடும் பேசுகிறார்கள். இது எங்கேயோ இருந்து வந்த தானமில்லை. நாட்டுக்கு மலிவாக அரிசி வேணும் என்பதற்காக அரசாங்கம் தன் தேவைக்குச் செய்த ஒழுங்கு. நகரத்தில் சோறு தின்றவருக்கும் அதில் பங்கு இருந்தது.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர் என்று எல்லை வைத்தது. 18 வயது கடந்த பிள்ளைகள் தனியாகக் கணக்கிடப்பட்டதால், பெயர் பிரித்து எழுதக்கூடிய குடும்பத்துக்கு இதனால் பெரிய அடியில்லை. இந்தப் 'பெயர் பிரிக்கிற' பழக்கத்தை நினைவில் வையுங்கள். இன்று 2 ஹெக்டேயர் எல்லைக்கும் அதே வழி இருக்கிறது. 20 ஏக்கர் நாலு பெயரில் இருந்தால் எல்லை யாரையும் தடுக்காது.

பெண்ணின் காணி, ஆணின் பெயர்

இங்கே எங்கட பிரதேசத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேணும். மட்டக்களப்பில் வீடும் வயலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போவது ஆழமான வழக்கம். அதற்குப் பின்னால் முக்குவர் வழமை என்று ஒரு தாய்வழிச் சொத்துமுறையே இருந்தது. 1876இன் கட்டளைச் சட்டம் அந்த வழமையின் சட்ட வலுவை எடுத்துவிட்டாலும் சீதன வழக்கம் நின்றுபோகவில்லை.

ஆனால் அரசாங்கம் கொடுத்த காணிகள் வேறு வழியில் வந்தன. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். ஒரு பத்திரம், ஒரு பெயர், ஒரு பின்னுரித்தாளர். பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால், சட்டத்தின் அட்டவணை மகனை மகளுக்கு முன்னால் வைத்தது. இது திருத்தப்பட்டது 2022இல்தான். அதாவது, மகளுக்குக் காணி எழுதுகிற ஊருக்குள் மகனுக்குக் காணி எழுதுகிற சட்டம் 87 வருடம் இருந்தது.

போர் இதை இன்னும் கூர்மையாக்கியது. கணவனை இழந்த, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடித் திரிகிற பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்கள் படுவான்கரையில் நிறைய. பத்திரம் இறந்தவர் பெயரில் இருக்கும், காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் இருக்காது. பெயர் மாற்றக் கந்தோர் கந்தோராக அலைய வேணும். அது முடியும் வரைக்கும் அந்த வயல் பதிவேட்டில் ஒரு இறந்த ஆளின் வயல்.

போரும் பசளையும்

1990 தொடக்கத்தில் உரமானியம் முற்றாக நிறுத்தப்பட்டது. அரச செலவைக் குறைக்கச் சொன்ன சர்வதேச கடன் நிபந்தனைகளின் காலம் அது. அதே வருடம் ஜூனில் போர் திரும்பவும் வெடித்தது. 1994இல் ஆட்சி மாறி மானியம் திரும்பி வந்தாலும் எங்களுக்கு அது முழுதாக வரவில்லை. யூரியாவை வெடிபொருளுக்குப் பாவிக்கலாம் என்பதால், அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு அதைக் கொண்டுபோவது தடைக்கும் சோதனைக்கும் உரியதாக இருந்தது. படுவான்கரை பெரும்பாலும் அப்படியான பகுதி. தெற்கில் ஒரு விவசாயிக்கு யூரியா என்றால் வெறும் யூரியா. வாவியின் மேற்குக் கரையில் அதே மூடை பாதுகாப்பு விவகாரம்.

2005 இறுதியில் வந்த மஹிந்த ராஜபக்ச ஆட்சி 50 கிலோ மூடையை 350 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்லித் தந்தது. உலகச் சந்தையில் யூரியா விலை 2008இல் எகிறியபோதும் விலை 350தான். எங்கட பக்கத்தில் அந்த வருடங்கள் எப்படி இருந்தன? 2007 ஜனவரியில் வாகரை, மார்ச்சில் கொக்கட்டிச்சோலை, ஜூலையில் தொப்பிகல என்று இராணுவம் பிடித்தது. அதற்கு முதலும் அப்போதும் சனம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்தது. திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் கையில் உறுதியும் அனுமதிப்பத்திரமும் இருந்திருக்கும்? மலிவு மூடை வாங்கக் காணிக் கடதாசி வேணும். நாட்டின் மிகத் தாராளமான உரமானியக் காலம் எங்கட சனத்தின் கடதாசி ஆக மோசமாகத் தொலைந்திருந்த காலத்தோடு ஒன்றாக வந்தது.

மண்முனைத் துறையில் பாலம் திறந்தது 2014இல். அதுவரைக்கும் பசளை மூடையும் நெல் மூடையும் அந்த இடத்தில் 'பாதை'யில் ஏறித்தான் வாவியைக் கடந்தன. பாலம் வந்து தூரம் குறைந்தது. பதிவேட்டுக்குப் பாலம் வரவில்லை.

மூடை காசாக மாறியபோது

2016இல் அரசாங்கம் மூடையை நிறுத்திக் காசை வங்கிக்குப் போட்டது. பிறகு திரும்ப மூடை. 2020இல் இலவச மூடை. 2021 மே மாதம் கோத்தாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பெரும்போகம் அதற்குள் கெட்டுவிட்டது. 2021இல் நாட்டில் சுமார் 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி 2022இல் சுமார் 34 இலட்சமாக விழுந்தது. ஒரு மூடை யூரியா பல்லாயிரம் ரூபாவுக்குக் கள்ளத்தனமாக விற்ற காலம் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இந்தியக் கடனில் 65,000 மெற்றிக் தொன் யூரியா வந்த பிறகுதான் மூச்சு வந்தது. 2023இலிருந்து பழையபடி காசு.

மூடையா காசா என்பது சும்மா நிர்வாக விஷயம் மாதிரித் தெரியும். குத்தகைக்காரருக்கு அது பெரிய வித்தியாசம். மூடையாக வந்தால், விதைக்காத காணிக்காரருக்கு அது வீட்டில் கிடந்து என்ன பயன்? அவர் அதைக் குத்தகைக்காரரிடம் கொடுப்பார், அல்லது பாதி விலைக்காவது விற்பார். கொஞ்சமாவது வயலுக்குப் போய்ச் சேரும். காசாக வந்தால் அது வங்கிக் கணக்கில் விழுந்த அன்றே காணிக்காரருடைய காசு. அதைக் கேட்கக் குத்தகைக்காரருக்கு வாயும் வராது, உரிமையும் இல்லை. நல்ல மனம் உள்ள காணிக்காரர் குத்தகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு அரசாங்கத் திட்டம் ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி நடக்கக்கூடாது.

வெள்ளமும் இதே வழியில்தான் போகிறது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வயல்களை மூடியபோது, அழிந்த நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை நட்டஈடு என்று அறிவித்தார்கள். விதைத்துத் தோற்றவர் ஒருவர், பதிவேட்டில் இருப்பவர் இன்னொருவர் என்றால், அந்த நட்டஈடு யாருடைய நட்டத்துக்கு ஈடு?

எங்களுக்கு மட்டுமா?

இல்லை. இந்தியாவில் 2019இல் தொடங்கிய பிஎம்-கிசான் திட்டம் விவசாயக் குடும்பத்துக்கு வருடத்தில் 6,000 இந்திய ரூபா கொடுக்கிறது. காணி தன் பெயரில் உள்ளவருக்குத்தான். தெலங்கானாவில் 2018இல் ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 4,000 ரூபாவாகத் தொடங்கிய ரயத்து பந்து திட்டமும் குத்தகை விவசாயிகளை வெளியே விட்டது, பெரிய காணிக்காரருக்கு எல்லையும் வைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் விவசாய நேரடிக் கொடுப்பனவில் ஏறக்குறைய 80 வீதம் 20 வீதமான பெறுநர்களுக்குப் போகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. காணியை அளந்து காசு கொடுத்தால் காணி உள்ள இடத்துக்குத்தான் காசு போகும். இது எந்த நாட்டுக்கும் பொது.

ஆனால் வேறு மாதிரியும் யோசித்திருக்கிறார்கள். ஒடிசாவின் காலியா திட்டம் வாரத்துக்குச் செய்பவர்களையும் காணியில்லாத விவசாயக் குடும்பங்களையும் கணக்கில் எடுக்க முயன்றது. குறைகள் இருந்தன. ஆனால் "காணியில்லாதவரும் விவசாயிதான்" என்று ஒரு அரசாங்கம் கடதாசியில் எழுதியது பெரிய விஷயம்.

அப்போ என்ன செய்யலாம்?

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. எல்லாக் காணிக்காரரும் போடியாரா? இல்லை. இரண்டு ஏக்கர் சீதன வயலைச் செய்விக்க ஆளில்லாமல் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அதில் சீவிக்கிற விதவைத் தாய்மார் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். மானியத்தை எடுத்துக் குத்தகைக்காரருக்குக் கொடுத்தால் அவர்களுக்கு இழப்புத்தான். அந்தத் தாய்க்கு உதவி வேணும், கட்டாயம் வேணும். ஆனால் அதைப் பசளையின் பெயரில் கொடுத்தால், பசளை வாங்கக் கடன்படுகிற இன்னொரு ஏழையின் பங்கிலிருந்துதான் அது போகிறது. இரண்டு ஏழைகளை ஒரு மூடைக்கு அடிபட விடுவதைவிட, இரண்டு தேவைக்கும் இரண்டு வழி வைப்பதுதான் நியாயம்.

வரலாறு எனக்குக் காட்டுகிற வழி ஒன்று இருக்கிறது. 1958இன் சட்டம் இரண்டு விஷயத்தை ஒரே முடிச்சாகப் போட்டது: இந்த வயலைச் செய்யிறவர் யார் என்ற தகவல், அவரை எழுப்ப ஏலாது என்ற உரிமை. அந்த முடிச்சால்தான் காணிக்காரர் பயந்தார், பயந்ததால் தகவலும் போனது. இவற்றைப் பிரிக்கலாம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கிறதுதானே? தண்ணீர் திறக்கிற திகதியும் விதைப்புத் திகதியும் அங்கேதான் முடிவாகிறது. அதே கூட்டத்தில் வட்டை வட்டையாக "இந்தப் போகம் இந்த வயல் யார் செய்யிறார்" என்று வாசித்து, வட்டவிதானையும் கமக்காரர் அமைப்பும் சாட்சி வைக்க, ஒரு போகத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற பட்டியல் ஒன்று எழுதலாம். அதனால் யாருக்கும் காணி உரிமை வராது, போகாது. பசளைக் காசும் வெள்ள நட்டஈடும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் போகட்டும். வட்டவிதானையின் தலைக்குள் இருந்த அறிவைக் கடைசியாகக் கடதாசிக்குக் கொண்டு வருவது, அவ்வளவுதான். கூலிக்காரருக்கு இதனாலும் ஒன்றும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேணும். வெட்டு மெஷின் வந்து அறுவடைக் கூலியை எடுத்துக்கொண்ட பிறகு அவர்களுடைய கேள்வி இன்னும் பெரியது, அதற்குத் தனிக் கட்டுரை வேணும்.

இதையெல்லாம் யாராவது மேலே இருந்து செய்வார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கட கையில் இருக்கிறது. உங்கட பிரிவுக் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம் போடலாம். மூன்று கேள்வி போதும். கடந்த பெரும்போகத்தில் எத்தனை பேருக்கு, எத்தனை ஏக்கருக்கு மானியம் போனது? அதில் சொந்தக்காரராகப் பதிந்தவர் எத்தனை, வாரத்துக்கோ குத்தகைக்கோ செய்பவராகப் பதிந்தவர் எத்தனை? பெண்களின் பெயரில் எத்தனை? ஆட்களின் பெயர் கேட்கத் தேவையில்லை, எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பதில் வந்ததும் அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு போங்கள். வயல் செய்யிற எங்கட அம்மா அப்பாமார் கை தூக்கிக் கேட்கத் தயங்குகிற கேள்வியை, படித்த பிள்ளைகள் நாங்கள் எழுத்தில் கேட்கலாம்.